இரண்டு பற்றரிகள்

எங்கள் வாப்பாவிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. வாப்பாவை விட அதற்கு வயது கூட என்று மருதமுனையில் பகிடி பண்ணுவார்கள். கலியாண வீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அதுதான் ஹயருக்கு ஓடியது. ஓடத் தொடங்கினால் தங்கமான கார். தொடங்குவதில்தான் பிடிவாதம்.

உம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். மாதாமாதம் மட்டக்களப்புக்கு மருந்துக்குப் போய்வருவார்கள். ஒருமுறை திரும்பி வருகையில், தேத்தண்ணி குடிக்கப் பெரியநீலாவணையில் நிறுத்திய கார் பிறகு ஸ்டார்ட் எடுக்கவே இல்லை. உம்மா பின்சீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். அன்று வாப்பா சோறு தின்னவில்லை. அடுத்த நாளே தனக்குப் பழக்கமான, தண்ணீர் ஊற்றும் கறுப்புப் பெட்டிப் பற்றரியில் புதியதொன்றை வாங்கி வந்தார்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சாய்ந்தமருதில் பற்றரிக் கடை வைத்திருந்தார். அவர் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத புதுவகைப் பற்றரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தண்ணி ஊத்தாத பற்றரிய எப்பிடி நம்புற?" என்றார் வாப்பா.

"அப்ப ரெண்டையும் போட்டுப் பாப்பம் மச்சான்."

இரண்டையும் நிறையச் சார்ஜ் ஏற்றினார்கள். ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது. பற்றரி இறங்கட்டும் என்று காலையில் காரின் முன்விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள். பட்டப்பகலில் விளக்கு எரியும் காரைப் பார்க்க ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வளவுக்குள் நின்றார்கள். எனக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது.

"சாவல் சண்டைக்கு விட்டாப்போல ரெண்டு பேரும் நிக்கிறீங்க. பகல் சோறு தின்னுற யோசின இல்லியா?" என்று உம்மா கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். சிரிப்பின் நடுவே இருமல் வந்தது. இரண்டு பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

வாப்பாவின் பற்றரி முனகி முனகி, கடைசியில் டக்கென்ற சத்தத்தோடு அடங்கியது. மறுநாள் மாமாவுடையது ஒரே சுற்றில் எடுத்தது. நாங்கள் கைதட்டினோம். கெரம் விளையாட்டில் வென்றால்கூட ஒரு கிழமைக்குப் பெருமையடிக்கும் மாமா, அன்று நேரே காரடிக்குப் போனார். குனிந்து வயர்களை இறுக்கிவிட்டு, "எந்த நேரமெண்டாலும் எடுக்கும் மச்சான்" என்று மட்டும் சொன்னார். தோற்ற வாப்பா அவர் தோளில் கையை வைத்தார். வென்றவரும் தோற்றவரும் இப்படி முகம் வாடி நின்றால் அது என்ன போட்டி என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

மாரி மழை பிடித்திருந்த ஒரு காலை, உம்மாவுக்கு மூச்சு எடுக்கவே முடியவில்லை. மாமா ஓடி வந்தார். இருவருமாக உம்மாவைத் தூக்கிக் காரில் இருத்தினார்கள். கார் ஒரே சுற்றில் எடுத்தது. வென்ற பற்றரி அதுதான் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் வேலிக் கடப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரம் வாப்பா மட்டும் காரில் திரும்பி வந்தார். நான் மழைக்குள் ஓடினேன்.

"வாப்பா, ஆஸ்பத்திரியிலயும் ஒரே சுத்தில எடுத்ததா?"

"ஓம் மகள்." ஸ்டியரிங்கிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. "ஒரு இடத்திலயும் நிக்கல்ல. நாங்க சுணங்கவே இல்ல."

"உம்மா எங்க?"

"மாமாவோட பின்னால வேனில வாறா."

வாசலில் நின்ற பெண்கள் அழத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் திமிறினேன். இவ்வளவு பாடுபட்டுச் சோதித்து வைத்திருக்கும் எங்கள் காரில் ஏற்றாமல், உம்மாவை யாருடையவோ வேனில் வரவிட்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம். அன்று முழுக்க நான் வாப்பாவோடு கதைக்கவில்லை.