பக்கத்துக் காம்பராவுல ஜெயந்தினி

காலையில தேயிலத் தோட்டத்துல பேர் குடுக்குற பெரட்டுக்குக் கெளம்பிக்கிட்டிருந்தேன். லயத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவுல ஜெயந்தினி இருமுற சத்தம். அப்புறம், எந்திரிடா பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு அவ கொரல்லயே ஒரு அதட்டல். ஜெயந்தினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயி ஆறு வருஷமாச்சே!

வெளிய ஒரே மூடுபனி. ஓடிப்போயிக் கதவத் தட்டினேன். தொறந்தது அவ மக தனுஷிகா, பதினாறு வயசு. அம்மாவோட பழைய சுவெட்டரு, அவள மாதிரியே அள்ளி முடிஞ்ச கொண்ட. "வாங்க மீனம்மாக்கா"ன்னா. பொறந்ததுலேருந்து என்னைய அத்தைன்னு கூப்புட்ட புள்ள. அக்கான்னு கூப்புடுறவ அவ அம்மாதான். வாய்தவறிச் சொன்னது அவளுக்கே தெரியல. ஏழு வயசுத் தம்பி கிஷாந்து அவ பாவாடையப் புடிச்சிக்கிட்டு நின்னான். அவனுக்கு அம்மான்னா போன்ல பாத்த மூஞ்சிதான்.

அப்பன் கொழும்புல ஒரு கடையில. தீவாளிக்கும் திருவிழாவுக்கும் வந்து போற மனுசன், அந்தாளப் பத்தி என்னத்தப் பேச. சோறாக்குறது, தண்ணி புடிக்கிறது, தம்பி ரிப்போட்டுல அம்மா பேர்ல கையெழுத்துப் போடுறது, எல்லாம் பத்து வயசுலேருந்து இவதான். டீச்சருக்கும் தெரியும், கேக்க மாட்டாங்க.

அப்படியும் ஓ.எல் பரீட்சையில நல்லா பாஸ் பண்ணிட்டா. நர்ஸாகணும்னு சின்னதுலேருந்து சொல்லுவா. அட்டன் டவுனு பள்ளிக்கூடத்துல சயன்ஸ் படிக்க ஃபாரம் வாங்கி வச்சிருந்தா. அதக் குடுக்க அன்னைக்குத்தான் கடைசி நாள். தம்பிக்குச் சோறு நான் போடுறேன், நீ எழுதுடின்னு அதட்டி உக்கார வச்சேன்.

அம்மா கையெழுத்துக்குள்ள எடத்துல சரசரன்னு ஜெயந்தினின்னு போட்டா. கீழ மாணவி கையெழுத்து. அங்கயும் ஜெயந்தினின்னே போட்டா.

"அடியே, அது ஒன் எடம்டி. ஒன் பேரப் போடு."

அடிச்சிட்டு எழுதினா. மறுபடி ஜெயந்தினி. பழைய கொப்பி ஒண்ணக் குடுத்து எழுதிப் பாக்கச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க ஜெயந்தினி, ஜெயந்தினி. கையி அதுபாட்டுக்குப் போவுது, அவ சும்மா பாத்துக்கிட்டிருக்கா. சத்தியமாச் சொல்றேன், எனக்குப் பயமா இருந்துச்சு. தோளப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினேன்.

அழல. ஃபாரத்த மடிச்சு வச்சா.

"விடுங்கக்கா. கிஷாந்து இருக்கான்ல. அவன நல்லா படிக்க வச்சிட்டாப் போதும்."

குவைத்துக்குப் போறன்னைக்கு, பஸ்ஸு ஏறுறப்ப, ஜெயந்தினியும் எங்கிட்ட இதையேதான் சொன்னா. தனுஷிகாவக் காட்டி.