இருபத்தைந்து மைல் வான்மதி

வான்மதி கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது. டெக்ஸாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பதினொரு வருஷமாகக் குடியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட ஃப்ரீவே பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எங்கே போவதென்றாலும் உள்ளூர்ச் சாலைகளில் உருட்டிக்கொண்டே போவாள். நாற்பது மைல் என்று போர்டு இருந்தாலும் அவள் கார் இருபத்தைந்தைத் தாண்டாது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். அவள் மகள் ஓவியா பின் சீட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு, “அம்மா, எவ்ரிபடி இஸ் ஸ்டேரிங் அட் அஸ்” என்பாள்.

“பாக்கட்டும்ட்டி. கண்ணு இருக்கு, பாக்காவ” என்பாள் வான்மதி. கோவில்பட்டிக்காரி.

நான் விஷாகா. மெட்ராஸில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை. வேகத்துக்காக மூன்று முறை போலீஸ் டிக்கெட் வாங்கியவள். மெதுவாகப் போகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவசரம் என்றால் வான்மதி என்னைத்தான் கூப்பிடுவாள். அவளுக்காக ஆஸ்பத்திரியில் பேசுவதும் பள்ளிக்கூடத்தில் சண்டை போடுவதும் நான்தான். அவளுக்கு வாய் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

இவளுக்கு ஒட்டகத்தைப் பற்றித் தெரியும் என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிய வந்தது. கல்யாணமான புதிதில் கத்தாரில் இருந்தார்களாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் சும்மா இருப்பாளா? ஒட்டகப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில், ரோபோ ஜாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் ஐந்து வருஷம் வேலை செய்திருக்கிறாள். ஒட்டகத்தின் முதுகில் ஆளுக்குப் பதிலாக ஒரு சின்ன ரோபோ உட்கார்ந்திருக்கும். திடலை ஒட்டிய பாதையில் காரில் வந்தபடியே முதலாளிகள் வாக்கிடாக்கியில் கத்துவார்கள். அந்தக் குரல் ரோபோவின் வயிற்றிலிருந்து ஒட்டகத்தின் காதுக்குப் போகும்.

“முன்னாடி எல்லாம் சின்னப் பிள்ளைகளத்தான் கட்டி வச்சு ஓட்டுவாங்களாம்க்கா” என்றாள் ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. “வெயிட் இல்லன்னு. அப்புறம் சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. ஒவ்வொரு ரோபோவ ரிப்பேர் பண்ணி அனுப்பும்போதும், ஒரு பிள்ள இன்னிக்குக் கீழ விழாதுன்னு நெனச்சுக்கிடுவேன்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அமெரிக்கா வந்த பிறகு அவள் வேலைக்கே போகவில்லை. கணவரின் விசாவில் வந்ததால் அனுமதி இல்லை. வேலை செய்ய அனுமதி அட்டை ஒருவழியாகக் கைக்கு வந்தபோது, இத்தனை வருஷம் சும்மா இருந்தவளை எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. ஒட்டக ரோபோ ரிப்பேர் செய்தேன் என்று இன்டர்வியூவில் சொன்னால் சிரிக்கத்தானே செய்வார்கள்? நானே முதலில் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். மார்லீன். எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒட்டகப் பண்ணை வைத்திருக்கும் எழுபது வயது வெள்ளைக்காரி. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பண்ணைத் திருவிழாவில் அவளுடைய ஒட்டகப் பந்தயம்தான் கூட்டம் சேர்க்கும். போன வருஷம் சவாரி செய்த ஒருவன் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். அதிலிருந்து மார்லீனுக்குத் தூக்கமில்லை. பண்ணைக்குச் சுற்றிப் பார்க்கப் போன வான்மதி, தயங்கித் தயங்கி, கத்தார்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். கிழவி பிடித்துக்கொண்டாள். ஒரு ரோபோ செய்து ஒரு ஒட்டகத்தை ஓட்டிக் காட்டு. ஜெயிக்கக்கூட வேண்டாம், எப்படியாவது கோட்டைத் தாண்டினால் போதும். அடுத்த வருஷத்திலிருந்து மனிதர்களை ஏற்றவே மாட்டேன், மொத்தப் பொறுப்பும் சம்பளமும் உனக்கு. தாண்டாவிட்டால் மறுபடி ஆட்கள்தான் என்றாளாம்.

அன்றிலிருந்து வான்மதி வீட்டு கராஜ் பட்டறையாகிவிட்டது. பழைய டிரில் மோட்டாரில் ஒரு கை, வயிற்றில் ஸ்பீக்கர், தலையில் தொப்பி. சவுக்கு வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கையில் ஒரு குஞ்சலம் மட்டும். ஜாக்கிச் சட்டைக்குப் பட்டுத்துணி வேண்டுமே? நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலைபாக்கோடு வாங்கிச் சேர்த்து, யாரும் தைத்துக்கொள்ளாத ரவிக்கைத் துணிகள் எல்லார் வீட்டு அலமாரியிலும் அடுக்கி இருக்கின்றன. அதில் ஒரு மாம்பழ மஞ்சள் துண்டு ரோபோவுக்குப் போயிற்று. பெயரும் வைத்தாள்: கிட்டுசாமி. அவள் கணவருடைய சித்தப்பா பெயர். அவரும் வாயைத் திறக்கவே மாட்டாராம், கையை மட்டும் வீசுவாராம்.

ஒட்டகம் ரோஸி. பண்ணையிலேயே பெரிய முரண்டு பிடிப்பது அதுதான். வாரத்தில் நாலு நாள் வான்மதி தன் பழைய டப்பா காரை உருட்டிக்கொண்டு போய், கிட்டுசாமியை அதன் முதுகில் கட்டுவாள். பிறகு திடலை ஒட்டிய பாதையில் காரில் வந்துகொண்டே ரேடியோவில் பேசுவாள். ரோஸியும் கூடவே வரும். அப்படித்தான் பழகியது.

பந்தய நாளுக்கு முந்தின நாள் என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, நாளைக்கு நீங்க டிரைவ் பண்ணுங்க. இது ரேஸ். நான் ஓட்டுத ஓட்டுக்கு எல்லாரும் சிரிப்பாவ.”

“இத கேக்கவே வேணாம்டி. என் புது வண்டியில போலாம். உன் டப்பாவ வச்சுக்கிட்டு ரேஸா?” என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தயத் திடலில் வண்டி ஓட்டப் போகிறேன்!

மறுநாள் நல்ல கூட்டம். நாலு ஒட்டகங்கள். மூன்றின் மேல் ஆட்கள். ரோஸியின் மேல், முதுகில் “கிட்டு” என்று ஆங்கிலத்தில் எழுதிய மஞ்சள் சட்டையில் கிட்டுசாமி. வேலியோரம் ஓவியா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வான்மதி என் பக்கத்து சீட்டில், ஒரு கையில் ரேடியோ, மறு கையில் ரிமோட்.

கொடி விழுந்தது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

ஆஹா, என்ன வேகம்! புழுதி பறந்தது. “போ போ போ!” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒட்டகம் இல்லை. எந்த ஒட்டகமும் இல்லை. என் கார் மட்டும் தனியாகப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

வெகு பின்னால், திடலின் நடுவே ரோஸி நின்றுவிட்டிருந்தது. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடியது. மேலே கிட்டுசாமி பாவம், சும்மா குஞ்சலத்தை வீசிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. வேலியோரத்தில் மார்லீன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். போச்சு, கெடுத்துவிட்டேன்.

நான் ரேடியோவைப் பிடுங்கி, “ரோஸி! ரன்! ஓடு!” என்று கத்தினேன். ரோஸி ஒரு அடி பின்வாங்கியது.

“அக்கா, நிறுத்துங்க” என்றாள் வான்மதி.

“இருடி, நான் பாத்துக்கறேன்…”

“எறங்குங்கன்னு சொல்லுதேன்லா!”

பதினொரு வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. நான் வண்டியை நிறுத்தி, இறங்கி அந்தப் பக்கம் ஓடினேன். அவள் ஸ்டீயரிங்குக்கு வந்தாள். என் புது வண்டியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, அது வேறு. அவள் வண்டியைத் திருப்பி ரோஸியிடம் வந்து, மறுபடி பந்தயம் போகும் பக்கம் பார்க்க நிறுத்தினாள். கண்ணைப் பாதையில் வைத்துக்கொண்டே, “ரேடியோவ என் வாய்க்கிட்ட பிடிங்க” என்றாள். பிடித்தேன்.

“ஏ தாயி, இங்கனதான் இருக்கேன். எங்க போயிருவேன்? வா, போவோம்.”

கிட்டுசாமியின் வயிற்றிலிருந்து கோவில்பட்டித் தமிழ் டெக்ஸாஸ் திடலெங்கும் கேட்டது. ரோஸியின் காது அசைந்தது. வான்மதி வண்டியை நகர்த்தினாள். ஒட்டகம் ஓர் அடி வைத்தது, பிறகு இன்னொன்று. பிறகு ஓடத் தொடங்கியது!

நான் மீட்டரைப் பார்த்தேன். இருபத்தைந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜன்னலுக்கு நேராக ரோஸியின் கழுத்து, அசைந்து அசைந்து வந்தது. ஊரே ஹார்ன் அடித்த அதே வேகம்! ரோஸி ஓடும் வேகமும் அதுதான் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை, அவளுக்கும்கூட.

“இன்னிக்கு வீட்டுல எலுமிச்சஞ்சோறு. ஓவியா சாப்பிட மாட்டா, பீட்ஸா கேப்பா. நீ சொல்லு, எது நல்லாருக்கு?” வான்மதி பேசிக்கொண்டே போனாள். நான் ஒரு கையில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரிமோட்டை அமுக்கினேன். அன்று நானும் ஒரு ரோபோதான். கை மட்டும் ஆடியது, வாய் திறக்கவில்லை.

முன்னால் போன ஒட்டகங்களும் ஒன்றும் ஒழுங்கில்லை. ஒன்று கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே நடந்தது. மேலே இருந்தவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். இன்னொன்று வேலியோரம் யார் தொப்பியையோ கடித்துக்கொண்டு நின்றது. கடைசி வளைவில் ரோஸி அதைத் தாண்டியது. கூட்டம் எழுந்து நின்று, “கிட்டு! கிட்டு!” என்று கத்த ஆரம்பித்தது. ஓவியாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “அம்மா! கோ அம்மா! மெதுவா போ அம்மா!”

கோட்டைத் தாண்டினாள். இரண்டாவதாக!

வண்டியை நிறுத்திவிட்டு வான்மதி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். நானும் அழுதேன், வெங்காயம் இல்லாமலே. மார்லீன் ஓடி வந்து ஜன்னல் வழியாகவே அவளைக் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வந்துவிடு, மீதி ஒட்டகங்களுக்கும் கிட்டுசாமி வேண்டும் என்றாள்.

“வாரேன்” என்றாள் வான்மதி, தமிழிலேயே.

வீட்டுக்கும் அவளே ஓட்டினாள், உள்ளூர்ச் சாலையில், அதே வேகத்தில். பின்னால் ஒரு பிக்கப் லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். நான் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, “பேசாம வாடா, இதுதான் ரேஸ் ஸ்பீடு!” என்று பச்சைத் தமிழில் கத்தினேன்.