எங்கள் ஆஸ்பத்திரியின் ஒத்திகை நோயாளி

இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போடாத மனிதரை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பேஷண்ட் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குச் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை அறையின் பச்சைத் துணி எல்லாம் அழுக்காக அவர் கைக்குப் போய் வெளுத்து வெளியே வரும். ஆள் ஒல்லி. நாற்பத்தெட்டு கிலோ. அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அந்த நாற்பத்தெட்டு கிலோதான்.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் ஆஸ்பத்திரியில் பேரிடர் ஒத்திகை நடக்கும். வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், தொற்றுநோய் பரவி ஒரே நாளில் நூறு பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று திட்டம் எழுதி வைத்திருக்கிறோம். அதைச் செய்து பார்க்கும் நாள் அது. மணி அடிக்கும், ஓடுவோம். லிஃப்ட் ஓடவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, தரைத்தளத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாய்தளம் வழியாக இரண்டாம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் வருஷம் யார் படுப்பது என்ற பேச்சு வந்ததும் ஆளாளுக்கு நழுவினார்கள். வார்டு உதவியாளர் ஒருவர் சலவைப் பிரிவுப் பக்கம் கை காட்டி, "அவரைப் படுக்க வைங்க. தூக்கவும் சுலபம், வாயும் திறக்க மாட்டார்" என்றார். முதலில் சொன்னது சரி. இரண்டாவது எவ்வளவு தப்பு என்று பிறகு தெரிந்தது.

மற்றவர்களுக்கு அது அரை நாள் கூத்து. அண்ணனுக்கு அப்படி இல்லை. அன்று காலையில் முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். கழுத்தில் என்ன நோய் என்று ஒரு அட்டை தொங்கவிடுவோம். நெஞ்சில் அடி என்று அட்டை வந்தால் டாக்டரைத் தேடிப் பிடித்து, "இதுக்கு எங்க சார் வலிக்கும்?" என்று கேட்டுக்கொள்வார். காலரா என்று எழுதிய வருஷம் வழி நெடுக, "தண்ணி, தண்ணி" என்று கேட்டுத் தள்ளுகிறவர்களின் உயிரை எடுத்துவிட்டார். அவர் மனைவி ஒரு முறை என்னிடம் சொன்னார்: "வருஷத்துல ஒரு நாள் படுக்கறதுக்கு இவர் பண்ற அலட்டல் இருக்கே, எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பண்ணலம்மா."

நான் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தர். ஒத்திகை அறிக்கை என் தலையில் கட்டப்பட்ட வேலை. அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. போன வருஷத்து அறிக்கையை எடுத்து, தேதியை மாற்றி, 'ஒத்திகை திட்டமிட்டபடி சிறப்பாக நிறைவுற்றது' என்று பூசி மெழுகிக் கையெழுத்துக்கு வைத்துவிடுவேன். பத்து நிமிஷ வேலை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை.

அந்தப் பத்து நிமிஷத்தைக் கெடுக்கத்தான் அண்ணன் வருவார். எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் இவர் மட்டும் நேராக என் மேஜைக்கு வந்து நிற்பார்.

"கிளார்க்கம்மா, எழுதிக்குங்க. என்னைக் கால் முன்னாடி போற மாதிரி ஏத்துறாங்க. ஏத்தத்துல தலை கீழ கிடக்குது. ரத்தமெல்லாம் மண்டைக்கு வருது. நல்லா இருக்கிற எனக்கே மூச்சு முட்டுது. நிஜமா மூச்சுத் திணறி வந்தவங்க கதி என்ன?"

"சரிண்ணே."

"ரெண்டாவது திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் சுவத்துல இடிக்குது. சிலிண்டரைத் தள்ளிட்டு வர்றவர் இடமில்லாம பின்னாடியே நின்னுடறார். டியூப் என் மூக்கைப் பிடிச்சு இழுக்குது."

"சரிண்ணே."

"மேல கதவு பூட்டியிருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட. வாட்ச்மேன் டீக்கடையில."

"எழுதிடறேண்ணே" என்பேன். எழுத மாட்டேன். படிவத்தில் மருத்துவர் கருத்து, செவிலியர் கருத்து, பாதுகாப்பு அலுவலர் கருத்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. படுத்திருந்தவர் கருத்துக்குக் கட்டம் கிடையாது. வருஷா வருஷம் அவர் சொல்வதும் நான் தலையாட்டுவதுமாகப் போனது. அவரும் சளைக்கவில்லை, நானும் சளைக்கவில்லை.

எட்டாவது வருஷம் என் பொறுமை போய்விட்டது. அன்று எனக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும். இவரோ விரல் விட்டு ஏழு குறை சொல்லிவிட்டு, "எழுதறீங்களா, இல்ல சும்மா தலையாட்டறீங்களா?" என்று வேறு கேட்டார். சுருக்கென்று கோபம் வந்தது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'நோயாளி சொல்வது' என்று தலைப்புப் போட்டு, 'ரத்தமெல்லாம் மண்டைக்கு வருது' என்பது உட்பட அவர் வாயில் வந்த மாதிரியே எழுதி வைத்தேன். புதிதாக வந்திருந்த கண்காணிப்பாளர் படு கறார் என்று பேச்சு. இதைப் பார்த்தால் மனிதரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார், அடுத்த வருஷம் நான் நிம்மதியாகத் தேதியை மாற்றலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணத்தில் எழுதவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் சாய்தளத்துக்கு வரச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, சிரிப்பு என்பதே கிடையாது. ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அண்ணன் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனார்.

"நீங்க இருங்க, இன்னைக்கு நான்" என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளரே ஏறிப் படுத்துக்கொண்டார்.

தள்ளுகிற நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. நாற்பத்தெட்டு கிலோவுக்குப் பழகிய கைகள் அவை. முதல் திருப்பத்துக்குள் வேர்த்துக் கொட்டியது. வழக்கம்போலக் கால் முன்னால், தலை பின்னால். அம்மாவின் மூக்குக் கண்ணாடி நழுவி நெற்றிக்கு ஏறியது. இரண்டாவது திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் 'டங்' என்று சுவரில் மோதியது. "நிறுத்துங்க!" என்றார். படுத்தபடியே கையை நீட்டி என்னிடம் அறிக்கையை வாங்கி, தலை கீழே கிடந்த அந்த நிலையிலேயே ஏழு குறையையும் நிதானமாக வாசித்தார்.

"எத்தனை வருஷமா இதைச் சொல்றீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"எட்டு வருஷமா மேடம்."

"யார்கிட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எல்லார்கிட்டயும்தான் மேடம். எனக்குச் சரியா சொல்லத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்த ஒரு பதிலுக்கே நான் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அது வெறும் ஆரம்பம்தான்.

மூன்று மாதத்தில் எல்லாம் மாறியது. திருப்பத்தில் துருத்திக்கொண்டிருந்த கைப்பிடிச் சுவரை அரை அடி வெட்டினார்கள். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் சிலிண்டர் வைக்கக் கம்பிக்கூடு ஒன்றை வெல்டிங் செய்தார்கள். மாடிக் கதவின் பூட்டை எடுத்துவிட்டு வெறும் தாழ்ப்பாள் வைத்தார்கள். ஏற்றத்தில் தலைதான் முன்னால் போக வேண்டும் என்று சுவரில் அம்புக்குறியோடு எழுதினார்கள். ஒத்திகை வருஷத்துக்கு இரண்டானது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று திட்டத்தில் பெயர் பெயராக எழுதும் வேலையும் எனக்கே வந்தது. என் இடம் இரண்டாம் மாடிக் கதவு. மேலே வருகிறவர்களைப் பட்டியலில் குறிக்க வேண்டும், கடைசி ஆள் வரும்வரை நகரக் கூடாது. அறிக்கையும் ஒரு முழு நாள் வேலையாகிவிட்டது. அதற்காக அண்ணனிடம் மூக்கால் அழுததும் உண்டு.

இரண்டு வருஷம் போனது. என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்த ஆறாம் நாள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. நுரையீரலில் தொற்று. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே சேர்த்தோம். முகத்தோடு இறுக்கிக் கட்டிய மாஸ்க், பக்கத்தில் ஆக்சிஜனை அழுத்தி உள்ளே செலுத்தும் மெஷின். நினைவு இருந்தது, பேச்சுத்தான் இல்லை. கைக்குழந்தையை எங்கள் அம்மா தன்னோடு வீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மூன்று நாளாக மழை விடவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஏரிக்கரை உடைந்ததாகச் செய்தி வந்தது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் போனது, ஜெனரேட்டர் அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது, லிஃப்ட் நின்றது. மணி அடித்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது பேர். என் தங்கை வரிசையில் ஆறாவது. மெஷின் பேட்டரியில் அரை மணி நேரம் ஓடும், அதன் பிறகு ஸ்ட்ரெச்சரோடு வரும் சிலிண்டர்தான் அவளுக்கு மூச்சு. "வழியில டியூப் கழண்டா ஒரு நிமிஷம்கூடத் தாங்க மாட்டாங்க" என்று டாக்டர் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

பட்டியலோடு மாடிக் கதவருகே போய் நின்றேன். கீழே ஓடிவிடலாம் போலிருந்தது. நான் நகர்ந்தால் யார் வந்தார்கள், யார் கீழேயே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை வேறு செய்ததில்லை.

ஒன்று வந்தது, குறித்தேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு ஒன்றும் வரவில்லை. கீழே யாரோ கத்துவது கேட்டது, என்ன என்று புரியவில்லை. பட்டியலில் ஆறுக்கு நேரே பேனாவை வைத்தபடி நின்றேன். ஒருவழியாகச் சக்கரச் சத்தம் கேட்டது.

தலை முன்னால் வந்தது. சிலிண்டர் கூட்டுக்குள் ஆடாமல் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் எங்கும் இடிக்காமல், ஒரு நொடியும் நிற்காமல் ஸ்ட்ரெச்சர் திரும்பியது. நாலு பேர் தள்ள, செவிலியர் ஒருவர் மாஸ்க்கைப் பிடித்தபடி வந்தார். தலைமாட்டில் குனிந்துகொண்டு, இடுப்புவரை நனைந்த பேஷண்ட் அண்ணன். அன்று திட்டத்தில் அவருக்கு இடமே கிடையாது. நிஜ நாளில் ஒத்திகை நோயாளிக்கு என்ன வேலை என்று அவர் பெயரை விட்டவள் நான்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தள்ளுகிறவர்களுக்கு வழி சொல்கிறார் என்று நினைத்தேன். தங்கையின் மாஸ்க்குக்குள் ஆவி படர்ந்து விலகியது. மூச்சு இருந்தது. ஆறுக்கு நேரே குறித்தேன். அண்ணன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் ஏழாவது ஆளுக்காகக் கீழே ஓடினார். பகல் ஒரு மணிக்குள் ஒன்பது பேரும் மேலே வந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தங்கைக்கு மாஸ்க்கை எடுத்தார்கள். முதலில் குழந்தையைக் கேட்டாள். அம்மா கொண்டுவந்து காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு என்கூட வந்தாரே, அவர் யாரு?"

"அஞ்சாறு பேர் வந்தாங்கடி. யாரைக் கேக்கற?"

"முகம் தெரியாதுக்கா. எனக்கு மேல்கூரைதான் தெரிஞ்சது. தலைமாட்டுல ஒரு குரல். 'இப்ப ஏறப் போறோம்மா, உடம்பு பின்னாடி இழுக்கும், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுச்சு. 'இப்ப திரும்பறோம், விழற மாதிரி இருக்கும், ஆனா விழ மாட்டீங்க'ன்னு சொல்லுச்சு. 'இன்னும் பத்தடிதான், உங்க அக்கா அங்கதான் நிக்கறாங்க'ன்னு சொல்லுச்சு. நான் செத்துடுவேன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அந்தக் குரல் அடுத்தது என்னன்னு சொல்லிட்டே வந்தது. அதனாலதான் அடுத்ததுன்னு ஒண்ணு இருக்குன்னு நம்பினேன்."

நான் நேராகச் சலவைப் பிரிவுக்குப் போனேன். வெள்ளத்தில் ஊறிய விரிப்புகள் இன்னும் தீராமல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அண்ணன் ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அப்படிப் பேசிட்டே வரச் சொல்லி உங்ககிட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லலையே. ஏம்மா, எதுவும் தப்பா?"

தங்கை சொன்னதைச் சொன்னேன். விரிப்பைக் கீழே வைத்தார்.

"பத்து வருஷமா படுத்திருக்கேன். ஒத்திகைன்னு தெரியும். கீழ போட்டுட மாட்டாங்கன்னும் தெரியும். இருந்தாலும் அந்தத் திருப்பம் வந்தா ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள நடுங்கும். தள்ளறவங்க அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. 'இப்ப திரும்பறோம்'னு ஒருத்தராவது சொன்னா போதும்னு இருக்கும்."

"அத்தனை குறை சொன்னீங்களேண்ணே, இதை மட்டும் ஏன் சொல்லலை?"

"அதை எப்படிம்மா சொல்றது? ஒத்திகைக்குப் போய் பயந்தேன்னா நீங்க சிரிக்க மாட்டீங்களா?"

சிரித்திருப்பேன். அன்றைக்கு என் லட்சணம் அப்படி. அதை அவரிடமே சொன்னேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை.

"அழாதீங்க கிளார்க்கம்மா. இங்க காயவேண்டியது ஏற்கெனவே மலையாக் கிடக்கு" என்றார்.

சிரிப்பும் அழுகையுமாக அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "உங்களாலதாண்ணே என் தங்கை தைரியமா மேல வந்தா. நீங்க அத்தனை தடவை பயந்ததாலதான் அவளுக்கு என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. நன்றிண்ணே" என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான் பயந்தது வீணாப் போகலைன்னு சொல்லுங்க" என்றார்.