பேட்டரி இல்லாத மின்சாரம்

ஆவடியில் இறங்க வேண்டிய தசரதன், இன்றும் யோசனையில் இறங்க மறந்து பட்டாபிராம் வரை போய்விட்டு எதிர்வண்டி பிடித்துத் திரும்புகிறார். கொரட்டூரில் ஏறியதுமே உள்ளங்கையில் விரலால் அம்புக்குறி போட ஆரம்பித்துவிடுவார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. எதிர் இருக்கைக்காரர்கள் கைரேகை ஜோசியரோ என்று பார்ப்பார்கள்.

கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். நாற்பதைத் தாண்டிய பிறகு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். அவரிடம் நகத்தளவு சில்லு, அதாவது எலெக்ட்ரானிக் சிப், ஒன்று இருக்கிறது. அதற்குள் எலெக்ட்ரான்கள் மேலும் கீழும் போக முடியாது. பாலாடை போன்ற ஒரே படலத்துக்குள்தான் ஓடலாம். அதன்மேல் மைக்ரோவேவ் அலையைப் பாய்ச்சினால் அவை முன்னும் பின்னும் ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேட்டரியே இணைக்காத சில்லில் மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுகிறது. மீட்டர் முள் நகர்ந்து நிற்கிறது.

அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியிலிருந்து ஏதாவது மின்சாரம் கசிகிறதோ என்று கம்பிகளை மாற்றினார். டியூப்லைட்டை அணைத்தார். சந்தேகம் தீராமல் விடுதி மாடியிலிருந்த டிவி ஆன்டெனாவைக் கழற்றி, வெள்ளிக்கிழமைப் பாட்டு பார்க்க முடியாத மாணவர்களிடம் வசவு வாங்கினார். முள் இறங்கவில்லை.

மனைவி சுசீலா ஒருநாள் கேட்டாள்: "முன்னயும் பின்னயும் ஆட்டுனா அங்கயேதான ஆடிக்கினு இருக்கணும்? ஒரே பக்கமா எப்டிப் போவும்?"

"அதான் சுசீ, எனக்கும் பிரியல."

ஆராய்ச்சி வழிகாட்டியான திருவேங்கடத்துக்குக் குழப்பமே இல்லை. கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் இந்த வருஷமே பட்டம், கையோடு பதவி உயர்வு என்றார். தசரதன் பேனாவைத் திறந்தார், எழுத வரவில்லை. கருவியில் கோளாறு என்றால், சில்லை மட்டும் தலைமாற்றி வைத்தாலும் முள் பழைய பக்கமேதானே போக வேண்டும்? வைத்துப் பார்த்தார். முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அப்படியானால் காரணம் சில்லுக்குள்தான் இருக்கிறது. என்ன காரணம்? அதுதான் பிடிபடவில்லை.

"கோளாறு இல்ல சார்," என்றார் திருவேங்கடத்திடம். "ஆனா என்னன்னு சொல்லத் தெரியல."

திருவேங்கடம் நம்பாமல் தாமே சில்லைத் திருப்பிப் பொருத்தினார். முள் மறுபடி பக்கம் மாறியது. நின்றபடியே குனிந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, தமக்கும் புரியவில்லை, இந்த வருஷம் எதையும் எழுத வேண்டாம் என்றார். பதவி உயர்வும் அதோடு போயிற்று என்பது இருவருக்கும் தெரியும்.

தசரதன் எழுந்து, அறையிலிருந்த ஒரே முக்காலியை மீட்டருக்கு எதிரே, திருவேங்கடம் பக்கம் நகர்த்தினார்.