அத்தான் நாடாளுமன்றம் பார்க்கக் கிளம்பினார்

எங்கள் அத்தான் அளவுக்கு நாடாளுமன்றத்துக்குப் போய் வந்தவர்கள் தேர்தலில் ஜெயித்தவர்களிலேயே குறைவு. பதினான்கு வருடத்தில் எழுபது தடவைக்கு மேல். ஆனால் ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்ததில்லை. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவார். வளாகத்துக்குள் ஓரமாக வண்டியை நிறுத்துவார். பிள்ளைகள் திரும்பி வரும்வரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது பள்ளிக்கூடத்து விதி.

பிள்ளைகள் திரும்பி ஏறும்போது படிக்கட்டிலேயே பிடித்துக் கேட்பார். "உள்ள என்ன பாத்தீங்க?" ஒரு பிள்ளை, "ஒரு தாத்தா தூங்கினாரு" என்னும். இன்னொன்று, "பாத்ரூம்ல குழாய் தானா தண்ணி விடுது" என்னும். இருக்கைகள் வட்டமாக இருக்கின்றன என்று ஒரு வருடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். அரைவட்டம் என்று அடுத்த வருடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். இத்தனையையும் சேர்த்து ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அத்தான் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார். அதில் அடித்துத் திருத்தாத கோடே கிடையாது.

அவரை வாட்டி எடுத்த சந்தேகம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கு வரிசையாக ஜன்னல்கள். உள்ளே போய் வந்த ஒரு பிள்ளைக்கும் ஜன்னல் பார்த்த ஞாபகமில்லை. "அப்ப அத்தனை ஜன்னலும் யாருக்குடா?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். நான் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். எனக்கென்ன தெரியும்?

"டிவியிலதான் தினமும் காட்டறாங்களே அத்தான்" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"டிவில பேசறவன் மூஞ்சிய மட்டும்தான் காட்டறான். அவன் பேசறப்போ எதிர்ல இருக்கறவன் என்ன பண்றான், பக்கத்துல இருக்கறவன் கேக்கறானா, கொட்டாவி விடறானா, அதெல்லாம் எவன் காட்டறான்?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒத்துக்கொண்டால் அவரோடு பிறகு பேசிச் சமாளிக்க முடியாது என்பதால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இந்த வருடம் திடீரென்று ஒரு செய்தி வந்தது. கட்டடம் பழுதுபார்ப்புக்காக அடுத்த மாதத்திலிருந்து மூடப்படுகிறது, திறக்க ஆறு வருடம் ஆகும். அத்தான் அன்று சாப்பிடவே இல்லை. "ஆறுன்னு சொன்னா பத்து ஆகும். அதுக்குள்ள என் முட்டி படியேற விடுமா? இப்ப விட்டா அவ்ளோதான்" என்றார். அக்காதான் சட்டென்று, "ஒரு நாள் லீவு போடுங்க. நாம மூணு பேரும் போவோம்" என்றாள். அக்கா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதன் பிறகு அத்தான் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேறு பள்ளிக்கூடத்து டீச்சர்கள்கூட அவருக்குப் போன் போட்டுத்தான் இந்தப் பயணத்துக்கு யோசனை கேட்பார்கள். சொந்தப் பயணம் என்றால் விடுவாரா? புதன்கிழமை என்று நாள் குறித்தார். புதன்கிழமைகளில்தான் பிள்ளைகள் தாமதமாக வெளியே வருவார்களாம், ஆகவே அன்றைக்குத்தான் உள்ளே சுவாரசியம் அதிகமாம். பாதுகாப்புச் சோதனைக்கு வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை நடந்தது. என் பையிலிருந்து மூன்று ஸ்க்ரூடிரைவரும் ஒரு டெஸ்டரும் எடுத்தார். "இதோட போனா உன்னைத் திரும்பவே விட மாட்டான்" என்று பயமுறுத்தினார்.

விண்ணப்பப் படிவத்தை யாரும் தொடக் கூடாது என்றுவிட்டார். எத்தனையோ படிவம் அவர் பூர்த்தி செய்து கொடுத்து டீச்சர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் படிவமே முத்திரை குத்தி அனுமதிச் சீட்டாகத் திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி, நேரம், வாசல், வண்டி எண் எல்லாம் சரியா என்று காலையும் மாலையும் படித்தார். நாங்கள் கேட்டால் தூரத்திலிருந்து காட்டுவார். உண்மையைச் சொன்னால், இதற்குள் எனக்கே ஆசை பற்றிக்கொண்டுவிட்டது. அந்த ஜன்னல் விஷயம் என்னையும் குடைய ஆரம்பித்திருந்தது.

அந்தப் புதன்கிழமை என் வேனில் போனோம். ஓட்டியது அத்தான்தான், அவர் இருக்கும்போது இன்னொருவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வரவேற்பு மேசையில் இருந்த அம்மாவுக்கு அத்தானை நன்றாகத் தெரியும்.

"என்ன சார், இன்னிக்கு சின்ன குரூப்பா?" என்று சீட்டை வாங்கிப் பார்த்தார். "பார்வையாளர் ரெண்டு பேர். ஓட்டுநர் நீங்க. வண்டி வழக்கமான எடத்துலயே நிக்கட்டும்."

"ரெண்டு இல்லம்மா, மூணு" என்றார் அத்தான்.

அந்த அம்மா சீட்டைத் திருப்பிக் காட்டினார். 'வருவோர் எண்ணிக்கை, ஓட்டுநர் நீங்கலாக' என்ற கட்டத்தில் இரண்டு. அக்கா பெயர், என் பெயர். 'ஓட்டுநர்' என்ற கட்டத்தில் அத்தானின் பெயர், அவருடைய அழகான கையெழுத்தில். பதினான்கு வருடப் பழக்கம். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. இத்தனை நாள் படித்தும், தன் பெயர் சீட்டில் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாரே தவிர, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கவனிக்கவில்லை.

"ஒரு ஆளைச் சேக்க முடியாதாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"மூடறதுக்கு முந்தின வாரம். உள்ள ஒரு எடம்கூடக் காலி இல்ல. எண்ணிக்கை ரெண்டுதான். அந்த ரெண்டு யாருன்னு வேணா மாத்திக்கலாம், அடையாள அட்டை இருந்தா போதும்."

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சரி விடுங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. வண்டில உக்கார்றது எனக்கு என்ன புதுசா?" என்று வேனைப் பார்த்து நடந்தார்.

'நான் இருக்கிறேன் அத்தான்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை தூரம் வந்துவிட்டோம், எனக்கும் பார்க்க வேண்டும் என்ற நினைப்புதான் முன்னால் வந்து நின்றது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா அவரை எட்டிப் பிடித்து, "சாவியக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க. எனக்கு அந்த மண்டபமும் வேணாம், மந்திரியும் வேணாம். உள்ள போனதும் உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாக்கத்தான் நான் வந்தேன்." சாவியைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீதான் வாயத் தொறக்காம நிக்கறியே. உள்ள போய்க் கண்ணையாவது தொறந்து வை. அவரு மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லு."

உள்ளே போனோம். பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசை. மண்டபம் அரைவட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. எதிரும் புதிருமாக நீண்ட வரிசைகள். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து தெரிகிறதெல்லாம் மண்டபத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு. என்ன விவாதம் நடந்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாய் லேசாகத் திறந்தது. பிறகு ஒவ்வொரு வரிசையாகக் கண் போனது. ஒருவர் பேச எழுந்ததும் அத்தான் அவரைப் பார்க்கவில்லை. எதிர் வரிசைக்காரர்களைப் பார்த்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். அத்தானின் முகம் அப்படியே மலர்ந்துபோய், சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

இதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு மூன்று விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் தேறவில்லை.

அப்போது அத்தான் என் சட்டையை இழுத்து மெல்லிய குரலில், "டேய், பதினோரு மணிக்கு மேல அந்த எடத்துல ஸ்டியரிங் பக்கம் வெயில் சுள்ளுனு அடிக்கும். உங்கக்காவுக்குப் பின் சீட்டுக்கு மாறணும்னு தெரியாதேடா" என்றார்.

எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் மீதி இருந்தது. நான் எழுந்தேன். எங்கே என்று அத்தான் கண்ணாலேயே கேட்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கி வந்தேன். அக்காவையும் உள்ளே விட முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேட்டேன். அந்த அம்மா, "ரெண்டு பேர்னா ரெண்டு பேர்தான் சார். உங்களுக்குப் பதிலா அவங்க போகட்டும், ஆனா நீங்க திரும்ப உள்ள போக முடியாது" என்றார்.

அக்கா ஓட்டுநர் இருக்கையிலேயே முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தேன்.

"என்னடா அதுக்குள்ள? முடிஞ்சுதா? அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"எனக்குச் சொல்ல வரலக்கா. எறங்கு. சீக்கிரம் ஓடிப் போய் நீயே பாரு."