காட்டேஜில் எட்டுப் பேர்

குற்றாலத்தில் காட்டேஜ் எடுத்ததே, என் மனைவி நாலு நாளாவது அடுப்படியை மறந்திருக்கட்டும் என்றுதான்.

இன்று காலை இருவரும் குளக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பினால், வராந்தாவில் அவள் தம்பி குடும்பம் எட்டுப் பேர் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“என்ன மாப்ள, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றேன்.

“சாரல் சமயத்துல அத்தான் வீடு எடுத்திருக்கும்போது நாங்க லாட்ஜுக்குப் போனா ஊர் சிரிக்காதா? அக்கா, அருவியில குளிச்சிட்டு நல்ல பசியோட வருதோம். மீன் கொழம்பு வச்சிரு. அத்தான், நீங்க அதுவரைக்கும் இன்னொரு தடவ குளத்தச் சுத்திட்டு வாங்களேன்.”

அவள் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் அருவிக்குக் கிளம்பியதும் கதவைப் பூட்டினேன். அவளைத் தென்காசிக்கு அழைத்துப்போய் ஓட்டலில் சாப்பிட வைத்தேன். இப்போது குடும்பமே என்னைக் கல்நெஞ்சன் என்கிறது.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? தபால் கார்டு போட்டுச் சொல்லுங்கள். நேரில் வரவேண்டாம்.