பசியாறிவிட்டு வாருங்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர்களிடமும் காஜா பெராங் வட்டாரத்து அண்டை வீட்டாரிடமும் இந்த நினைவு மலரைத் தருகிறோம். சொல்ல வேண்டியவை பல. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அம்மா ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனார். அப்பாவுக்கு நகராண்மைக் கழகத்தில் வேலை கிடைத்தபின் இந்த வீட்டிற்குக் குடிவந்தார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை எங்களுக்குப் பங்கிட்டுவிட்டுத் தாம் வெறும் தேத்தண்ணீர் குடித்தார். போர் முடிந்தும் கடைசியில் சாப்பிடும் பழக்கம் போகவில்லை. போதாததற்குச் செவ்வாயும் வெள்ளியும் விரதம். இத்தகைய மலர்களில் இதைப் பெருங்குணமாக எழுதுவார்கள். நான் அப்படி எழுதப்போவதில்லை.

நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை பூசை வேளையில் அம்மாவுக்குச் சாமி வரத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். பார்வை ஓரிடத்தில் நிற்கும். பிறகு தொடர்பில்லாமல் ஏதேதோ பேசுவார். அருள்வாக்கு என்று அக்கம்பக்கத்தார் கூடினார்கள். எதிர்வீட்டு அத்தை தம் மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டபோது அம்மா, "கதவ சாத்து" என்றார். அத்தை அந்த வரனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. "என்ன பேசுனேன்னே எனக்குத் தெரியலம்மா. ஊர ஏமாத்துறேனோ என்னமோ" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் கவனித்தவரை, வயிறு காலியாக இருந்தால்தான் சாமி வந்தது. பானகம் குடித்ததும் மலையேறியது. மருத்துவமனை டாக்டரிடம் கேட்டு ரத்தம் பிடிக்க ஒரு குப்பி வாங்கி வந்து, அடுத்த வெள்ளியன்று அம்மாவுக்கு நடுக்கம் கண்டதும் ரத்தம் எடுத்தேன்.

"சாமி வந்த உடம்புல ஊசி குத்தாதே" என்று அப்பா தடுக்க வருவதற்குள் குப்பி நிறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாளை மலாய் முறையில் மக்சிக், அதாவது அத்தை, என்போம்; அவர் செட்டி சமூகத்தவர். முன்னோர் தமிழர்களானாலும் தமிழ் பேசமாட்டார், மலாய்தான். அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு துண்டு குலா மலாக்காவை அம்மாவின் வாயில் வைத்து, "மக்கான் டூலு" என்றார். முதலில் சாப்பிடு. அந்தத் தென்னங்கருப்பட்டி கரையக் கரைய அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

ரத்தத்தில் சீனி மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் நம்பாமல் மறுபடியும் சோதிக்கச் சொன்னார். கணையத்தில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் அடியில் தேங்காய் அளவு கட்டி தெரிந்தது. கணையத்திற்கு வெளியே வளரும் சில கட்டிகளும் இன்சுலின் போன்ற ஒரு நீரைச் சுரந்து சீனியைக் குறைக்கக்கூடும் என்று விளக்கினார். அது என்ன நீர் என்பது இன்னும் முடிவாகவில்லையாம்.

சிங்கப்பூரில் அறுவைச் சிகிச்சை நடக்கும்வரை அம்மா வயிற்றைக் காயப்போடக்கூடாது. மீறினால் ஒரு நாள் நினைவு திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர்.

அப்பா கலங்கினார். "வெள்ளிக்கிழமை சோறு போட்டா அம்மன் கோவிச்சுக்குவா."

"கோவிச்சா என்கிட்ட கோவிக்கட்டும். நீங்க இட்லிய வைங்க" என்றார் அம்மா.

அந்த வெள்ளியன்று வாக்குக் கேட்க வந்தவர்கள் முன்னால் அமர்ந்து மூன்று இட்லி சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "வந்தது அம்மன் இல்ல. ஒடம்புல சீனி கொறைஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

எதிர்வீட்டு அத்தை முன்னால் வந்தார். "அப்ப, சீனி கொறைஞ்சு சொன்னதுக்கா அண்ணி நான் மாப்பிள்ளைய வேணாம்னேன்?"

"ஒம்மககிட்ட கேட்டிருக்கலாமே. அது ஒடம்புல சீனி நெறையத்தானே இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் முன்பு கண்டதில்லை.

கட்டியை எடுத்தபின் நடுக்கம் நின்றது. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கு முன்பே வீடு திரும்பி, வாசலில் கொடி கட்டுவதற்கு அப்பாவை ஏவினார். அதன்பின் வந்தவை நல்ல ஆண்டுகள். வாசலில் யார் நின்றாலும் "பசியாறியாச்சா?" என்பார், பதில் வருமுன் தட்டு வந்துவிடும். அத்தை மகளின் திருமணத்தில் முதல் பந்தியில் அமர்ந்தார். மாப்பிள்ளை அவள் சொன்ன பையன்.

கட்டி மீண்டும் வளர்ந்தபோது அதை எடுக்க வழியில்லை. அடிக்கடி ஊட்ட வேண்டியிருந்தது. விடியற்காலையில் கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், குலா மலாக்கா தீராமல் பார்த்துக்கொண்ட மக்சிக்குக்கும், வீடு வரை வந்து பார்த்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் கைகளால் அம்மா கடைசிவரை எங்களை அறிந்தவராகவே இருந்தார், அமைதியாகவே போனார்.

படையல் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பது நம் வழக்கம். இந்தத் திதிக்கு மட்டும் ஒரு மாற்றம். காலையில் முதலில் இட்லி, பிறகு படையல். இதை நான் முடிவு செய்யவில்லை. ஐயர் தயங்கியபோது அப்பாதான் சொன்னார்:

"மொதல்ல எல்லாரும் பசியாறட்டும். அவ காத்திருப்பா."